கட்டை விரல் போதும், மாமா!

சிவகாசிப் பக்கத்து ஆட்களுக்கு ஒரு விஷயத்தை விளக்கவே வேண்டாம். ரோல் கேப் துப்பாக்கிக்கும் ராக்கெட்டுக்கும் என்ன வித்தியாசம்? துப்பாக்கியில் விசையை இழுத்த அடுத்த கணம் 'டப்'! ராக்கெட் அப்படியில்லை. பற்ற வைத்துவிட்டு ஓட வேண்டும். எப்போது கிளம்பும், எந்த வீட்டு மொட்டை மாடியில் போய் உட்காரும் என்பது அதற்கே தெரியாது. அதனால்தான் சின்னப் பொடியன் ராக்கெட்டைக் கண்டால் அம்மா சேலைக்குள் ஒளிகிறான். துப்பாக்கியைக் கொடுத்தால் தூங்கும்போதுகூடக் கீழே வைப்பதில்லை.

கையில் வைத்து விளையாடும் அடிதடி வீடியோ கேம் நல்லதா, சொத்தையா என்று பார்க்கவும் இதுதான் அளவுகோல். அழுத்தினால் உடனே வெடிக்கணும். கதை, கலர், சங்கீதம் எல்லாம் அப்புறம்.

இந்த ஞானமெல்லாம் எனக்கு விருதுநகர் - சிவகாசி பஸ்ஸில் கிடைத்தது. காலண்டர் அச்சகம் ஒன்றில் ப்ரூஃப் பார்க்கிற உத்தியோகம். ராகு காலம், எமகண்டத்தின் சீட்டில் போய் உட்கார்ந்துவிடாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. தினமும் பக்கத்து சீட்டில் என் அக்கா மகன். அவனும் சிவகாசியில்தான் டிசைனர். பஸ் ஏறியதும் செல்லில் பி.ஜி.எம்.ஐ. ஆரம்பித்துவிடுவான். 2020 செப்டம்பரில் பப்ஜியைத் தடை செய்தார்களே, அதற்குப் பதிலாக 2021 ஜூலையில் வந்தது இது. ஆமத்தூர் பக்கம் டிரைவர் ஒரு பிரேக் போடுவார் பாருங்கள், என் டிபன் பாக்ஸ் முன் சீட்டுக்குப் போய்விடும். இவன் குறி மட்டும் தப்பாது!

கையடக்க விளையாட்டு பிறந்த கதையே ஒரு பிரயாணத்தில்தான் ஆரம்பிக்கிறது என்பார்கள். ஜப்பானில் கும்பெய் யோகோய் என்ற நின்டெண்டோ இன்ஜினீயர், புல்லட் ரயிலில் ஓர் ஆள் பொழுது போகாமல் கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தாராம். 1980-ல் 'கேம் அண்ட் வாட்ச்' வந்தது. 1982-ல் அதே வரிசையில் வந்த 'டாங்கி காங்' கருவியில் கூட்டல் குறி மாதிரி ஒரு பட்டன் வைத்தார். குனிந்து பார்க்காமலே கட்டை விரலுக்குத் திசை தெரிந்தது. கண் எதிரியைப் பார்க்கலாம். விரல் தன் வேலையைப் பார்க்கும்.

1989-ல் வந்த 'கேம் பாய்'க்குக் கலர்கூடக் கிடையாது. ஆனால் நாலு பென் டார்ச் செல் போட்டால் பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடியது. மறு வருஷம் சேகா கம்பெனி 'கேம் கியர்' கொண்டு வந்தது. கலர், வெளிச்சம் எல்லாம் பிரமாதம். ஆறு செல்லை விழுங்கிவிட்டு சில மணி நேரத்தில் படுத்துக்கொண்டது. முதல் பந்திக்குப் பதினாறு வகைப் பதார்த்தம் வைத்து, இரண்டாம் பந்திக்குச் சோறு இல்லை என்றால் எப்படி? கேம் பாய்தான் ஜெயித்தது.

நம்ம ஊர்ப் பங்குனிப் பொங்கல் பொருட்காட்சியில் வாங்கிய 'பிரிக் கேம்' ஞாபகம் இருக்கிறதா? பத்துக்கு இருபது கட்டம், அவ்வளவுதான் திரை. அதற்குள்ளேயே கார் ரேஸ் ஓடும். சில கட்டத்தைச் சேர்த்தால் கார்! ஆனால் பட்டனைத் தொட்டால் சட்டென்று விலகும். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு என் சகதர்மிணி பிடுங்கி பீரோவில் பூட்டினாள்.

செல்போனில் சங்கடம் வேறு. பட்டனே இல்லை, வெறும் கண்ணாடி. தடவிப் பார்த்து இடம் கண்டுபிடிக்க முடியாது. போதாததற்கு நம் விரலே பாதித் திரையை மறைக்கிறது. சூடு ஏறினால் போன் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நொடிக்கு 60 படம் ஓட வேண்டிய இடத்தில் 30 ஓடினால், நாம் சுடுவதற்குள் எதிரி சுட்டுவிடுவான். விருதுநகர் சித்திரை வெயிலில் மனுஷனே வேகம் குறைகிறான், போன் என்ன செய்யும்!

"அப்ப எப்படிடா குறி தப்பாம அடிக்கிற?" என்று கேட்டேன்.

செல்லை என் பக்கம் திருப்பினான். "பட்டனை நம்ம இஷ்டத்துக்கு நகத்திக்கலாம் மாமா. பெருசாக்கலாம், மங்கலாக்கலாம். சுடுற பட்டனை இடது பக்கம் மேல கொண்டு போயிட்டேன். இடது ஆள்காட்டி விரல்ல சுடுறேன். வலது கைக்கு வேலை, திரும்பிப் பாக்குறது மட்டும்தான். அதுக்குக் கட்டை விரல் போதும், மாமா. மிச்சக் குறியை போனைச் சாய்ச்சே பிடிச்சிருவேன்."

'போதும்' என்று அவன் சொன்னதற்கு அர்த்தம் உண்டு. பத்து வயதில் ஒரு தீபாவளிக்கு அணுகுண்டு பற்ற வைத்தான். வெடிக்கவில்லை. திரி அணைந்துபோச்சு என்று கையில் எடுத்தான். தாமதமாகப் பதில் சொல்கிற சாமான் அது. வலது ஆள்காட்டி விரலும் நடுவிரலில் பாதியும் போயின. அன்றிலிருந்து கல்யாண வீடுகளில் வலது கையை பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டேதான் நிற்பான். மொய் எழுதுகிற இடத்துக்கு அவன் போனதே இல்லை.

"கூட விளையாடுற மூணு பேரும் கோயம்புத்தூர்ப் பயலுக. அவங்களுக்கு என் குறி தெரியும் மாமா, கை தெரியாது" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஐந்து விரல்காரன் போட்ட பட்டனை மூன்றரை விரல்காரன் மாற்றி வைத்துக்கொள்ள இடம் கொடுக்கிறது பாருங்கள், அதுதான் நல்ல விளையாட்டு. கைக்குள் அடங்கினால் மட்டும் போதாது, கைக்குத் தகுந்தபடி வளையவும் வேண்டும்.

அக்கா இன்னும் திட்டிக்கொண்டுதான் இருக்கிறாள். "எப்பப் பாரு செல்லு! நீயாவது சொல்லக்கூடாதா தம்பி?" நான் எந்த முகத்தோடு சொல்வது? போன வாரம் என் செல்லிலும் ஏற்றிக் கொடுத்துவிட்டான், வெள்ளெழுத்துக் கண்ணுக்கு ஏற்ற மாதிரி தோசைக்கல் அளவுக்குப் பட்டன் வைத்து. பாராசூட்டில் குதித்ததும் நேரே ஒரு புதருக்குள் படுத்துவிடுகிறேன். இதுவரை ஒருத்தரையும் சுடவில்லை. ஆனாலும் நூறு பேரில் கடைசி இருபதுக்குள் வந்துவிட்டேன், சார்!