மல்லைக் கடற்கரையில் இரண்டு கேமராக்கள்



சென்ற டிசம்பர்த் திங்களில் ஒரு நாள், காலைத் திருப்பலி முடிந்த கையோடு செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் செல்லும் பேருந்தில் ஏறினேன். உடன் வந்தோர் இருவர். ஒருவன் என் தங்கையின் மகன், கல்லூரி மாணவன், கையில் புத்தம்புதிய கைப்பேசி. மற்றவர் முப்பது ஆண்டுகளாக எங்கள் பங்கின் திருமணங்களையும் புதுநன்மை விழாக்களையும் படமெடுத்து வரும் ஸ்டுடியோக்காரர். தோளில் கனத்த கேமராப் பை.

போன காரியம் இதுதான். மாமல்லபுரத்தை அடுத்த மீனவர் குப்பம் ஒன்றில் வாழும் மூதாட்டி ஒருவர், 2004 டிசம்பர் 26 ஞாயிறன்று வந்த ஆழிப்பேரலையில் தம் ஒரே மகனைப் பறிகொடுத்தவர். அன்று தமிழகத்தில் மட்டும் ஏறத்தாழ 8,000 பேர் மாண்டனர். பெட்டியோடு அடித்துச் செல்லப்பட்ட படங்களுள் அவருக்கு மிஞ்சியது பாஸ்போர்ட் அளவுப் படம் ஒன்றே. உப்புநீரில் ஊறி ஒரு பக்கம் உரிந்துபோன அதைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்ட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. சில வாரங்களுக்குமுன் என்னோடு அங்கு வந்த மருமகன் தன் கைப்பேசியில் அதைப் படமெடுத்தான். பின்னர், பழைய படங்களைத் தெளிவாக்கும் செயலி ஒன்றில் இட்டு, பெரிய அளவில் அச்சடித்தும் விட்டான். அதைத்தான் சட்டமிட்டு எடுத்துச் சென்றோம். “மூலப் படத்தைப் பார்க்காமல் நான் ஒன்றும் சொல்லமாட்டேன் சாமி” என்று ஸ்டுடியோக்காரரும் புறப்பட்டுவிட்டார்.

பேருந்துக்காக நிற்கையில், பரனூர்ப் பக்கம் விரையும் தொழிற்சாலைப் பேருந்துகளைக் கண்டேன். அங்குள்ள மகேந்திரா வேர்ல்டு சிட்டியில் 2022 முதல் ஐபோன்கள் பூட்டப்படுகின்றன. பெகட்ரான் தொடங்கிய அவ்வாலையின் பெரும்பங்கை 2025இல் டாடா குழுமம் வாங்கிக்கொண்டது. உலகெங்கும் மக்கள் படமெடுக்கும் கருவி கொளவாய் ஏரிக்கு அப்பால் உருவாகிறது என்பது எங்கள் ஊராரில் பலர் அறியாத செய்தி.

என் தந்தையாரிடம் அக்ஃபா கிளிக் 3 என்னும் கேமரா இருந்தது. ஒரு பிலிம் சுருளில் பன்னிரண்டே படங்கள். திருவிழாவுக்கு நான்கு, கிறிஸ்துமஸுக்கு நான்கு என்று கணக்குப் பார்த்து எடுப்பார். நாங்கள் மூச்சை அடக்கி நிற்போம். பிலிமே வேண்டாத கேமராவைக் கோடாக் நிறுவனப் பொறியாளர் ஸ்டீவன் சாசன் 1975இல் செய்து காட்டினார். ஒரு படத்தைப் பதிவு செய்ய அதற்கு 23 விநாடி பிடித்தது. 1997இல் பிலிப் கான் என்பவர், பிறந்த தம் மகளின் படத்தை மருத்துவமனையிலிருந்தே கைப்பேசி வழியாக உறவினர்க்கு அனுப்பினார். அதன்பின் நடந்ததை நாமே அறிவோம். 2010இல் உலகில் 12 கோடிக்கு மேல் டிஜிட்டல் கேமராக்கள் ஆலைகளினின்று வெளிவந்தன. 2021இல் அது ஒரு கோடிக்கும் கீழே இறங்கிற்று. எங்கள் ஸ்டுடியோக்காரரின் கடையிலும் முன்பிருந்த இரண்டு உதவியாளர்கள் இன்று இல்லை.

திருக்கழுக்குன்றத்தைக் கடக்கையில் அவர் குன்றைக் காட்டினார். நண்பகலில் இரு கழுகுகள் வந்து உணவு கொண்டு சென்ற மலை அது. பல ஆண்டுகளாக அவை வருவதில்லை. இளமையில் தாம் எடுத்த அக்கழுகுகளின் நெகட்டிவ் இன்னும் தம் பெட்டியில் இருக்கிறதாம். “இப்போது கேட்டாலும் பிரிண்டு போட்டுத் தருவேன்” என்றார். மருமகன் தன் கைப்பேசியில் 11,000 படங்கள் இருப்பதாகச் சொன்னான். அவற்றுள் எத்தனை காகிதத்தில் உள்ளன என்று கேட்டேன். சிரித்தான்.

மூதாட்டி மீன் விற்றுத் திரும்பப் பதினொரு மணி ஆகும் என்றார்கள். ஆகவே சிற்பங்களைச் சுற்றினோம். இருவருக்கும் இடையே போட்டியும் மூண்டது.

முதலில் அர்ச்சுனன் தபசு. கிழக்கு நோக்கிய அப்பெரும் பாறைமீது, தென்கிழக்கிலிருந்து குளிர்கால வெயில் சாய்ந்து விழுந்துகொண்டிருந்தது. யானையின் துதிக்கையும், தவம் நிற்கும் பூனையும் நிழலால் எழும்பி நின்றன. கைப்பேசியின் படத்தில் நிழல்கள் வெளுத்து, எல்லாம் ஒரே சீராகத் தெரிந்தன. பார்க்கப் பளிச்சென்று இருந்தது, ஆனால் கல் தட்டையாகிவிட்டது. கேமராவோ நிழலை நிழலாகவே விட்டது. புடைப்புச் சிற்பத்துக்கு உயிர் நிழலில் அல்லவா இருக்கிறது!

வராக மண்டபத்தில் நிலைமை தலைகீழ். மேற்கு நோக்கிய குகை. காலையில் உள்ளே இருள், தூண்களுக்கு வெளியே கண் கூசும் வெளிச்சம். ஸ்டுடியோக்காரர் எடுத்த படத்தில் வெளிப்புறம் சரியாக இருந்தால் உள்ளே கறுத்தது. உள்ளே தெரிந்தால் வெளியே வெளுத்தது. வீட்டில் கணிப்பொறியில் சரிசெய்ய வேண்டும் என்றார். மருமகன் ஒருமுறை விரலால் தொட்டான். திருமகளும் தெரிந்தாள், வெளியே மரமும் தெரிந்தது. ஸ்டுடியோக்காரர் அதை வாங்கிப் பார்த்து, ஒன்றும் பேசாமல் திருப்பிக் கொடுத்தார்.

இவ்வேறுபாட்டின் காரணம் எளிது. ஒளியை வாங்கும் சென்சார் பெரிய கேமராக்களில் 36 மி.மீ. நீளமும் 24 மி.மீ. அகலமும் உடையது. கைப்பேசியிலோ, உயர்ந்த வகைகள் பலவற்றிலும்கூட, பரப்பில் அதன் பத்தில் ஒரு பங்கு இருந்தால் பெரிது. மழைநீருக்கு அண்டா வைப்பதற்கும் கிண்ணம் வைப்பதற்கும் உள்ள வேறுபாடுதான். கிண்ணம் சிறிதாகையால் கைப்பேசி பலமுறை பிடிக்கிறது. கண்ணிமைப்பதற்குள் பல படங்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் நல்லதைப் பொறுக்கி ஒன்றாக்குகிறது. லென்ஸின் குறையைக் கணக்கு நிரப்புகிறது.

கடற்கரைக் கோயிலருகே மணற்காற்று வீசியது. ஸ்டுடியோக்காரர் லென்ஸை மாற்ற அஞ்சிப் பையை மூடிக்கொண்டார், மருமகனுக்கு அக்கவலையில்லை. ஆனால் தொலைவில் வலை இழுத்த படகை அவன் எடுத்தபோது, மனிதர்கள் வண்ணத் தீற்றல்களாகவே வந்தார்கள். மாலை மங்கிய கோயிலில் நடக்கும் திருமணத்துக்கும் இது பொருந்தும். (பீடத்தருகே கைப்பேசியை உயர்த்திக்கொண்டு முண்டியடிக்கும் உறவினர்களைப் பற்றி இன்னொரு முறை எழுதுகிறேன்.) வீட்டுப் பிள்ளையின் பிறந்தநாளுக்குக் கைப்பேசி தாராளமாய்ப் போதும், முகத்தருகே நீட்டாமல் இரண்டடி பின்வாங்கி எடுங்கள், மூக்கு பெரிதாகாது.

பதினொரு மணிக்கு மூதாட்டியின் வீட்டை அடைந்தோம். மருமகன் படத்தை நீட்டினான். பளபளக்கும் கண்கள், வரிசையான பற்கள், மாசற்ற கன்னம். அவர் நெடுநேரம் பார்த்தார்; பிறகு என்னை நோக்கி, “இது யாரு சாமி?” என்றார்.

“உங்கள் மகன்தான் ஆயா.”

“நல்லாத்தான் இருக்கான். ஆனா என் புள்ள இல்ல.”

மூலப் படத்தை எடுத்துவந்தார். இடப்புருவத்தில் ஒரு தழும்பு. மேல்பல் ஒன்று சற்றே தூக்கல். தழும்பை உப்புக்கறை என்று கருதிச் செயலி அழித்திருந்தது, பல்லை நேராக்கியிருந்தது, உரிந்த கன்னத்துக்கு, தான் கற்ற எண்ணற்ற முகங்களிலிருந்து வேறொரு கன்னத்தை வைத்திருந்தது. 2023இல் ஒருவர், வேண்டுமென்றே மங்கலாக்கிய நிலவின் படத்தைத் திரையில் காட்டிச் சாம்சங் கைப்பேசியால் எடுத்தபோது, மூலத்தில் இல்லாத பள்ளங்களும் தெளிவாக வந்தனவாம். நிலவுக்கு அதனால் நட்டமில்லை.

“செயலியால் வந்த பிழை மாமா, கேமராவின் பிழை இல்லை” என்றான் மருமகன். உண்மைதான். செயலிக்கு முந்திய அவனுடைய படம் மூலத்தை ஒத்தே இருந்தது. ஆனால் சுவரளவுக்குப் பெரிதாக்கிப் பார்த்தால் முகம் மெழுகுபோல் ஆயிற்று.

ஸ்டுடியோக்காரர் திண்ணை நிழலில் படத்தைக் கிடத்தினார். ஸ்டாண்டை ஊன்றி, அருகிலிருந்து எடுக்கும் லென்ஸைப் பொருத்தினார். பிளாஷ் போடவில்லை, உரிந்த இடம் மின்னும் என்றார். ஆறு படங்கள் எடுக்க அரைமணி நேரம் ஆயிற்று. “கறையை எடுத்துவிடவா ஆயா?” என்று கேட்டார்.

“தழும்ப உட்டுடு. மத்தது எப்படி இருக்குதோ அப்படியே இருக்கட்டும்.”

இரண்டு வாரம் கழித்துப் புதிய படத்தைச் சுவரில் மாட்டினோம். பாதிக் கன்னம் வெள்ளையாகவே இருந்தது. மூதாட்டி புருவத்தின்மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றார். மருமகன் வெட்கத்தோடு தன் பழைய படத்தைக் கிழிக்கப் போனான், அவர் பிடுங்கிக்கொண்டார்.

“கிழிக்காதே. யார் பெத்த புள்ளையோ!”

அதுவும் இன்று அவ்வீட்டு அலமாரியில் இருக்கிறது.