ராஜாவின் அந்தரங்கமும் பிரஜையின் அந்தரங்கமும்

தென்னாட்டில் நிலபுலன் உள்ள குடும்பங்களில் பிறந்து, திண்ணையில் பெரியவர்கள் பேசும் கோர்ட்டுக் கதைகளைக் காதில் வாங்கி வளர்ந்த எவருக்கும் ‘பிரிவி கவுன்சில்’ என்ற பெயர் அந்நியமாக இராது. வரப்பு ஒரு சாண் நகர்ந்துவிட்டதென்று முன்சீப் கோர்ட்டில் வியாஜ்யம் தொடுத்துவிட்டு, “பிரிவி கவுன்சில் வரைக்கும் போனாலும் போவேனே தவிர விடமாட்டேன்” என்று மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்ட மகானுபாவர்களில் பெரும்பாலோர் ஜில்லாத் தலைநகரத்துக்கு அப்பால் யாத்திரை செய்ததில்லை என்பது வேறு விஷயம். பாகப்பிரிவினை வழக்குகளே மிகுதியாகப் போய்ச் சேர்ந்த இடமாகையால் அதற்குப் பிரிவி என்று பெயர் வந்ததென்று நம்மவர் யாரேனும் வியாக்கியானம் செய்திருந்தால், அதை நம்பவும் ஆட்கள் இருந்திருப்பார்கள்.

அந்த ‘பிரிவி’ என்ற விசேஷணம் லத்தீன் வேரிலிருந்து பிரெஞ்சு மொழியின் வாயிலாக ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. தனித்தது, மறைவானது, இன்னாருக்கே உரியது என்பன அதன் மூலப் பொருள்கள். ஆனால் மத்திய கால இங்கிலாந்தில் தனித்திருக்கும் சௌகரியம் யாருக்கு இருந்தது? பிரபுக்களின் மாளிகையிலேகூட எஜமானரும் விருந்தினரும் ஏவலாளரும் ஒரே பெரிய கூடத்தில் உண்டு, பலர் அங்கேயே படுத்துறங்கிய காலம் அது. ஆகவே மறைவு என்று சொன்னால் முதலில் நினைவுக்கு வந்தது அரசனுடைய மறைவுதான். ‘பிரிவி சேம்பர்’ என்பது அரண்மனையில் அவன் உடைமாற்றி, உண்டு, இளைப்பாறும் உள்ளறைகள். ‘பிரிவி பர்ஸ்’ என்பது அவனுடைய சொந்தச் செலவுக்கான பணம். ‘பிரிவி கவுன்சில்’ என்பது அவன் அந்தரங்கமாகக் கலந்தாலோசிக்கும் மந்திரிகளின் சபை. அதே சமயத்தில், அதே சொல் வேறு விசேஷ்யம் எதையும் எதிர்பாராமல் தனித்து நின்றால் மலங்கழிக்கும் இடத்தையும் குறித்தது. மந்திராலோசனைக்கும் மலஜலத்துக்கும் ஒரே பெயரா என்று நாம் முகஞ்சுளிக்கலாம். பிறர் கண் படக்கூடாத காரியங்கள் இவ்விரண்டுமே என்று நினைத்த அந்நாட்டவரின் தர்க்கத்தில் பிழை காண்பது கடினம்.

இவ்விரு பொருள்களும் ஒரே மனிதனிடத்தில் சங்கமித்த விந்தையும் நடந்தது. எட்டாம் ஹென்றியின் அரண்மனையில் ‘குரூம் ஆப் தி ஸ்டூல்’ என்று ஓர் உத்தியோகம். மூடியிட்ட பெட்டியாசனத்தில் அரசன் மலங்கழிக்க அமரும்போது உடனிருந்து பணிவிடை செய்வதே அதன் ஆதிக் கடமை. நம் நாட்டில் இந்த வேலை யார் தலையில் சுமத்தப்பட்டிருக்கும் என்பதையும், அவர்களை நாம் எங்கே நிறுத்தியிருப்போம் என்பதையும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அங்கேயோ குலமும் செல்வமும் உடைய கனவான்கள் அந்தப் பதவிக்குப் போட்டியிட்டார்கள். அரசனை ஏகாந்தத்தில் அணுகக்கூடியவன் எவனோ அவனிடமே மனுக்கள் குவியும், மானியங்கள் அவன் வழியாகவே நடக்கும். அரசனுடைய பிரிவி பர்ஸையும் அவனே கையாண்டான். வில்லியம் காம்ப்டனுக்குப் பின் அப்பதவியை வகித்த ஹென்றி நாரிஸ், 1536-ஆம் ஆண்டு ராணி ஆன் போலினோடு தொடர்புபடுத்தப்பட்டுச் சிரச்சேதம் செய்யப்பட்டதையும் நினைத்துப் பார்த்தால், நெருக்கத்தின் லாபமும் ஆபத்தும் ஒரே வாசல் வழியாகத்தான் வந்தன என்று தெரிகிறது. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்நாளில் இந்தச் சொல், ஒருவரை வெளியே நிறுத்துவதைக் காட்டிலும், ஒருவரை உள்ளே அனுமதிப்பதையே முதன்மையாகக் குறித்தது. ஒரு ரகசியத்துக்குப் ‘பிரிவி’யானவன் என்றால், அதில் பங்கு பெற்றவன்.

நம் பெரியவர்கள் துண்டை உதறியது அந்த அந்தரங்க சபையின் நியாயக் குழுவை நோக்கித்தான். 1833-இல் சட்டபூர்வமாக அமைந்த அக்குழு, லண்டன் டவுனிங் தெருவில் அமர்ந்து, சாம்ராஜ்யத்தின் நாலா திசைகளிலிருந்தும் வந்த அப்பீல்களைக் கேட்டது. கணவன் அனுமதி தராமல் இறந்துபோன பின் ராமநாதபுரத்து விதவை ராணி, சபிண்டர்களின் சம்மதத்தோடு புத்திர சுவீகாரம் செய்துகொள்ளலாமா என்பதை 1868-இல் அங்கேதான் தீர்மானித்தார்கள்; தெளிவாக நிரூபிக்கப்பட்ட வழக்கம் எழுதிவைத்த சாஸ்திரத்தையும் விஞ்சும் என்ற நியாயமும் அந்தத் தீர்ப்பில் பிறந்தது. லக்ஷ்மிகாந்தன் கொலை வழக்கில் தண்டனை பெற்ற தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் அங்கே அப்பீல் செய்ய, வழக்கு மீண்டும் சென்னை ஹைகோர்ட்டுக்கே திரும்பி, 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலையானதைத் தமிழ்நாடு அறியும். இதில் எனக்கு ரசமாகத் தோன்றுவது சட்டமன்று, சம்பிரதாயம். அரசனுக்கு அந்தரங்கமாகச் சொல்லும் ஆலோசனை என்ற பாவனையிலேயே அவர்கள் தீர்ப்புரைத்தார்கள். ஆகையால் நீதிபதிகளுக்குள் அபிப்பிராய பேதம் இருந்தாலும் அது வெளியே வரலாகாது. 1966 வரை மாறுபட்ட தீர்ப்பு என்று ஒன்றை அவர்கள் வெளியிட்டதேயில்லை. அதற்குள் இந்தியாவின் வழக்குகள் அங்கே போவது 1949-லேயே நின்றுவிட்டது. பிரிவி பர்ஸ் என்ற பெயர் மட்டும், சமஸ்தானங்களை இழந்த ராஜாக்களின் மானியமாக, 1971-இல் இருபத்தாறாவது அரசியல் சட்டத் திருத்தம் வரும்வரை நம்மிடையே ஜீவித்திருந்தது.

‘பிரைவேட்’ என்ற உடன்பிறப்பின் ஜாதகம் வேறு மாதிரி. ரோமாபுரியில் ராஜ்யப் பதவி எதுவும் வகிக்காதவன் ‘பிரிவாதுஸ்’. அந்தச் சொல்லின் வேர்வினைக்கு ஒன்றை இழக்கச் செய்தல் என்று பொருள். பொதுக்காரியத்தில் பங்கில்லாதவனை எதையோ பறிகொடுத்தவனாகவே அவர்கள் கண்டார்கள். கிரேக்கர் இன்னும் கொடியவர்கள். தன்பாட்டுக்கு இருப்பவனை அவர்கள் அழைத்த பெயர்தான் பின்னால் ஆங்கிலத்தில் ‘இடியட்’ ஆயிற்று. ஆங்கிலப் பட்டாளத்தில் எந்தப் பட்டமும் இல்லாத கடைசிச் சிப்பாய்க்கு இன்றளவும் பிரைவேட் என்றே பெயர். நம் ஊரிலும் அந்தக் குறைவின் வாசனை ஒட்டிக்கொண்டிருக்கிறது. பள்ளியில் சேராமல் பரீட்சை எழுதுகிறவன் ‘பிரைவேட்டாக’ எழுதுகிறான். பெண் பார்க்க வந்த இடத்தில் பையனுக்குப் ‘பிரைவேட்’ உத்தியோகம் என்று சொல்லும்போது, சர்க்கார் உத்தியோகமில்லை என்ற வருத்தம் குரலிலேயே கேட்கும். இவற்றுக்கு மாறாக, பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்ஸின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் தினசரியை 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு பாகங்களாக மொழிபெயர்த்து வெளியிட்ட சென்னை அரசாங்கத்தார், அதற்குப் ‘பிரைவேட் டைரி’ என்று நாமகரணம் செய்தார்கள். புதுச்சேரியில் எந்தக் கப்பல் வந்தது, கவர்னர் என்ன சொன்னார், யாருக்கும் யாருக்கும் மனஸ்தாபம் என்பதெல்லாம் நிறைந்த அந்நூலில் அந்தரங்கம் என்று நாம் இன்று சொல்லக்கூடியது சொற்பமே.

வீட்டுக்குள் அந்தரங்கம் குடியேறியது கட்டடக்காரர்களின் தயவால். அதுவரை ஓர் அறை வழியாகவே மற்றோர் அறைக்குப் போக வேண்டியிருந்த இங்கிலாந்தின் மாளிகைகளில், பதினேழாம் நூற்றாண்டில் நடையறைகளும் பின்படிக்கட்டுகளும் தோன்றலாயின. ரோஜர் பிராட் என்ற கனவான் கோல்ஸ்ஹில்லில் கட்டிய மாளிகை இதற்குப் பேர்போன உதாரணம். இதன் உத்தேசம் எஜமானர்களைப் பிறர் பார்க்காமல் காப்பது மட்டுமன்று. வேலைக்காரர்கள் கண்ணில் படாமல் வேலை செய்ய வேண்டும் என்பதும்தான். ஒருவருக்கு அந்தரங்கம் வாய்க்கும்பொருட்டு இன்னொருவர் சேவகத்தோடு மறைந்து திரிய வேண்டியிருந்தது என்பதை, இந்த விஷயத்தைப் புகழ்ந்தெழுதும் ஆசிரியர்கள் எளிதில் மறந்துவிடுகிறார்கள்.

‘பிரைவஸி’ என்பதை ஓர் உரிமையாகச் சொல்லத் துணிந்தது அமெரிக்கா. கோடாக் காமிரா கடைக்கு வந்து இரண்டே ஆண்டுகளில், 1890 டிசம்பரில், சாமுவேல் வாரன், லூயி பிராண்டைஸ் என்ற இரண்டு பாஸ்டன் வக்கீல்கள் ஹார்வர்ட் சட்டப் பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதி, நொடியில் படம்பிடிக்கும் யந்திரமும் வம்பளக்கும் பத்திரிகையும் வீட்டின் உள்ளறைவரை நுழைந்துவிட்டன, தன்பாட்டுக்கு விடப்படும் உரிமை மனிதனுக்கு உண்டு என்று வாதாடினார்கள். ஆனால் கனவான்களின் கட்டுரை வேறு, கோர்ட்டின் தீர்ப்பு வேறு. நியூயார்க் ராஜ்யத்தில் ஒரு மாவு ஆலை, ஓர் இளம் பெண்ணின் படத்தை அவளுடைய அனுமதியின்றி 25,000 விளம்பரத் தாள்களில் அச்சிட்டு ஊரெங்கும் ஒட்டியது. 1902-இல் அங்குள்ள மேல்கோர்ட்டு, இப்படியோர் உரிமையைச் சட்டம் அறியாது என்று கையை விரித்துவிட்டது. ஊர் கொதித்தெழுந்த பின்னரே, மறு ஆண்டு சட்டசபை அவளைப் போன்றவர்களுக்கு ஒரு சட்டம் இயற்றியது.

நம் தேசத்தில் சுப்ரீம் கோர்ட்டு 1954-லும், போலீஸார் நள்ளிரவில் வீட்டுக்கதவைத் தட்டிய வழக்கொன்றில் 1962-லும், இத்தகைய உரிமை அரசியல் சட்டத்தில் இல்லையென்று சொல்லிற்று. 2017 ஆகஸ்டு 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஏகமனதாக உண்டென்றார்கள். ஆதார் அட்டையையொட்டி அவ்வழக்கைத் தொடுத்தவர் கர்நாடகத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி புட்டஸ்வாமி. பெருந்தீர்ப்பு அது, ஆயினும் என் மனம் நாடுவது அதற்கு இருபத்துமூன்று ஆண்டுகள் முந்திய ஒரு தமிழ்நாட்டு வழக்கை. கொலைக் குற்றங்களுக்காகத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டிருந்த ஆட்டோ சங்கர் சிறையிலிருந்தபடியே எழுதியதாகச் சொல்லப்பட்ட சுயசரிதத்தை ‘நக்கீரன்’ பத்திரிகை வெளியிட முற்பட்டது. உத்தியோகஸ்தர்கள் சிலருக்கும் அவனுக்கும் இருந்த உறவு அதில் அம்பலமாகும் என்று சொல்லப்பட்டது. சிறை அதிகாரிகளோ அது பொய்யென்றும், பிரசுரிக்கலாகாதென்றும் எச்சரித்தார்கள். 1994 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு கூறிய தீர்ப்பில் இரண்டு பக்கங்கள் உண்டு. தன் வாழ்வு, குடும்பம், மணம், மக்கட்பேறு முதலியவற்றைத் தன் சம்மதமின்றிப் பிறர் எழுதாதபடி காத்துக்கொள்ளும் உரிமை, 21-ஆம் ஷரத்திலேயே அடங்கியிருக்கிறது என்பது ஒரு பக்கம். சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் தம் கடமையைச் செய்த விதம் பற்றி எழுதப்படும்போது, பொய்யென்று தெரிந்தோ உண்மையைப் பொருட்படுத்தாமலோ எழுதினார்கள் என்று காட்டினாலன்றி, அவர்கள் அந்த உரிமையைக் காட்டி நஷ்டஈடு கேட்க முடியாது, பிரசுரத்தை முன்கூட்டித் தடுக்கவும் அதிகாரமில்லை என்பது மறுபக்கம். பதவியில்லாதவனை எதையோ இழந்தவனென்று ரோமாபுரியார் சொல்லிவந்தார்கள். இந்தத் தீர்ப்பின்படி, அலுவல் நாற்காலியில் அமர்ந்திருக்கும் அளவுக்கு, இழந்து நிற்பவர் உத்தியோகஸ்தரே.