மருந்து அட்டையில் ஒரு வரி

மாத்திரை அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: 30 டிகிரிக்கு மேல் வைக்காதீர்கள் என்று. சிலவற்றில் 25 என்றிருக்கும். நம் வயதுக்காரர்கள் காலாவதித் தேதியைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்ப்போம். இந்த வரியைப் பார்ப்பதில்லை. அக்னி நட்சத்திரத்தில் நம் திருநகர் வெயில் 40 டிகிரியைத் தொடுகிறது. அதனால்தான் இந்தப் பதிவு.

நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். லவோசியே பெயரைச் சொன்னாலே எங்கள் வாத்தியாருக்குக் கண் கலங்கும். 1782-83 குளிர்காலத்தில் பாரிசில் அவரும் லப்லாசும் ஒரு பாத்திரத்தைச் சுற்றிப் பனிக்கட்டி அடைத்து, உள்ளே ஒரு கினிப்பன்றியை விட்டார்கள். 10 மணி நேரத்தில் சுமார் 13 அவுன்ஸ் பனி உருகியது. உருகிய தண்ணீரை நிறுத்து, அந்த உயிரின் சூட்டைக் கணக்கெழுதினார்கள். மூச்சு விடுவதும் மெதுவாக எரிவதுதான் என்று சொன்னார்கள். 1794-ல் புரட்சியில் லவோசியேயின் தலை போயிற்று. கணக்கு நின்றுவிட்டது.

1887-ல் லெ ஷத்தெலியே என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர் களிமண்ணைச் சூடேற்றி, எந்தெந்தச் சூட்டில் அது மாறுகிறது என்று பதிவு செய்தார். இன்று மருந்து ஆய்வுக்கூடங்களில் உள்ள கருவி இவர்களுடைய பேரப்பிள்ளை மாதிரி. இரண்டு குட்டி அலுமினியக் கிண்ணங்கள். ஒன்றில் சில மில்லிகிராம் மருந்து, மற்றது காலி. இரண்டையும் ஒரே வேகத்தில் சூடேற்றுவார்கள். மருந்து கூடுதலாக வாங்கும் சூடு கோடாக விழும். உருகும் இடத்தில் கோடு துள்ளும். அசுத்தம் கலந்திருந்தால் முன்னதாகவே உருக ஆரம்பித்துவிடும்.

இன்னொன்றையும் அது காட்டிக்கொடுக்கும். உருகிய சாக்லேட் மறுபடி இறுகினால் வெள்ளை பூத்துப்போகிறதல்லவா? சரக்கு அதேதான், உள்ளடுக்கு வேறு. மருந்திலும் இப்படி நடக்கும். எய்ட்ஸ் நோய்க்கான ரிட்டோனவிர் 1996-ல் விற்பனைக்கு வந்தது. 1998-ல் அதே மருந்து, சரியாகக் கரையாத வேறொரு படிக வடிவில் வரத் தொடங்கியது. கேப்சூல்களைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று.

இனி நம் வீட்டுக்கு வருவோம். பூங்காவில் என்னோடு நடக்கும் நண்பருக்குச் சர்க்கரை இறங்கவே இல்லை. டாக்டர் இன்சுலின் அளவை ஏற்றிக்கொண்டே போனார். ஒருநாள், "மருந்தை எங்கே வைக்கிறீர்கள்?" என்று கேட்டார். "டி.வி. பெட்டி மேலே." புதுப் புட்டி வாங்கி, இடத்தை மாற்றிய பிறகுதான் சர்க்கரை வழிக்கு வந்தது.

இன்சுலின் ஒரு புரதம். சூட்டில் நாளடைவில் வீரியம் குறையும். உறைந்தாலும் கெடும். ஆகவே ஃப்ரீசரில் வைக்காதீர்கள். திறக்காத புட்டி 2 முதல் 8 டிகிரிக்குள், ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் இருக்கட்டும். மாத்திரைகளை ஜன்னலோரமும் அடுப்பு மேடையும் வேண்டாம். வெயில் படாத உள்ளறை அலமாரியில் வையுங்கள்.

பேரன் பேத்தியிடம் கொடுத்தாவது அந்தப் பொடி எழுத்தை ஒருமுறை படித்துவிடுங்கள்.