நாலரை ஏக்கர்

எதைப் பார்த்தாலும் வரவு-செலவு போட்டுப் பார்க்கிற பி.காம். புத்தி எனக்கு. பிரான்ஸில், பர்கண்டி பக்கம் 'ரொமானே கோன்ட்டி' என்றொரு திராட்சைத் தோட்டம். மொத்தமே சுமார் நாலரை ஏக்கர். 1760-ல் கோன்ட்டி இளவரசர் வாங்கியதால் வந்த பெயர். 1945-ல், வேர்ப்பூச்சி அரித்த பழைய கொடிகள் தந்தது சுமார் 600 பாட்டில் சிவப்பு ஒயின்தான். அத்தோடு கொடிகளைப் பிடுங்கிவிட்டுப் புதுசு நட்டார்கள். அடுத்த ஒயின் 1952-ல்! நடுவில் ஆறு வருஷம் அந்தத் தோட்டத்து வரவு பூஜ்யம். எனக்கு மாசக் கடைசியில் ஆறு நாளைத் தாண்டுவதற்குள்ளேயே நாக்குத் தள்ளுகிறது ஸார்!

2018-ல் நியூயார்க் ஏலத்தில் அந்த 1945 பாட்டில் ஒன்று 5,58,000 டாலருக்குப் போனது. அன்றைய கணக்கில் சுமார் நாலு கோடி ரூபாய். அந்த ஆறு வருஷத்தை நான் படித்த பாடம் நஷ்டம் என்றுதான் எழுதும். நல்லவேளை, அந்தத் தோட்டக்காரர்கள் யாரும் பி.காம். படிக்கவில்லை போலிருக்கிறது!