ஆரணியில் ஒரு விலா எலும்பு!

பட்டுப் புடவை வாங்க ஆரணிக்குப் போகிறவர்கள் உண்டு. நானும் அப்படித்தான் போனேன். கிளம்பும்போது என் பையில் புடவையோடு ஒரு 'விலா எலும்பு'ம் இருந்தது!

அக்காவை ஆரணியில் கொடுத்திருக்கிறது. கமண்டல நாகநதிக் கரை ஊர். விடிந்து காபி குடிப்பதற்குள் தெருவில் தறிச் சத்தம் கிளம்பிவிடும். அத்தான் புதிதாக இன்னொரு தறி போடக் கூடத்தில் குழி வெட்டினார். முழங்கால் ஆழத்தில் ஒரு கல் அகப்பட்டது. ஒரு முழ நீளம், வில்லைப் போல வளைவு, ஒரு நுனியில் பிளவு. பக்கத்திலேயே விரலளவில் இன்னொரு சிறு கல்.

"சித்தி, இது டைனோசாரின் விலா எலும்பு. சின்னது கை எலும்பு!" என்று குதித்தான் அக்காவின் பிள்ளை. ஏழாவது படிக்கிறான்.

அக்காவுக்கோ முகம் வெளுத்துவிட்டது. "எலும்பா? தறி போடுகிற இடத்திலா? முதலில் ஆற்றில் கொண்டுபோய்ப் போடு!" என்றாள். பிள்ளையின் கண்கள் தளும்பின.

"பட்டு நூலைக் கண்ணால் பார்த்தே பட்டு என்று நம்பிவிடுவாயா, அக்கா?" என்று கேட்டேன்.

"அதெப்படி? ஓர் இழையைக் கொளுத்திப் பார்த்தால் தெரிந்துவிடுமே! அசல் பட்டு என்றால் தலைமயிர் கருகுகிற வாடை வரும். செயற்கைப் பட்டு காகிதம் எரிகிற மாதிரி இருக்கும்."

"கல்லையும் அப்படிச் சோதித்துவிட்டு அப்புறம் எறியேன்!"

இப்படித்தான் எங்கள் பிரயாணம் ஆரம்பமாயிற்று. செஞ்சி வழியாக விழுப்புரம். அங்கிருந்து ரயிலில் விருத்தாசலம் தாண்டி அரியலூர். அரியலூருக்கு ஏன் என்கிறீர்களா? தமிழ்நாட்டில் டைனோசார் எலும்புக்குப் பேர்போன பூமி அதுதான். சுமார் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் அங்கே உள்ளே வந்திருந்தது. அந்தக் கடலின் கிளிஞ்சல்களெல்லாம் சேர்ந்து இறுகிய சுண்ணாம்புக் கல்தான் இன்று சிமெண்டாகி நம் வீட்டுச் சுவரில் ஏறுகிறது!

ஊரை அடுத்த வாரணவாசியில் புதைபடிவங்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. சுருண்ட நத்தை போன்ற அம்மோனைட்டுகளைப் பார்த்துப் பிள்ளை வாயைப் பிளந்தான். அங்கே விஷயம் தெரிந்த ஒருவர் எங்கள் மூட்டையைப் பிரித்துப் பார்த்துச் சிரிக்கவில்லை. பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார்.

விலா எலும்பு என்றால் வளைவு மட்டும் போதாதாம். முதுகெலும்போடு சேரும் முனையில் இரண்டு குமிழ்கள் இருக்க வேண்டும். குறுக்கே உடைந்த இடத்தில், வெளியே கெட்டியான ஓடும் உள்ளே பஞ்சு போன்ற துளைகளும் தெரிய வேண்டும். விரல் எலும்போ நடுவில் இடை சிறுத்து, இரு முனையும் பருத்து, மூட்டு சேருமிடத்தில் கிணற்று ராட்டினம் போலப் பள்ளம் விழுந்திருக்கும். வேடிக்கை என்னவென்றால், டைட்டனோசார் என்னும் ராட்சதத் தாவர பட்சிணிகளுக்கு முன்னங்காலில் விரல் எலும்புகள் அநேகமாகக் கிடையாதாம்! உள்ளங்கை எலும்புகளே தூண்களாக அரைவட்டத்தில் நின்று உடலைத் தாங்கின.

"நாக்கில் வைத்தால் எலும்பு ஒட்டிக்கொள்ளுமாமே?" என்றான் பிள்ளை.

துளைகள் அடைபடாதிருந்தால் ஒட்டும். ஆனால் அதுவே சாட்சியாகாது. சந்தேகம் தீர வேண்டுமானால், ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிய சீவலாகத் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். ரத்தக் குழாய்கள் ஓடிய நுண்ணிய வழிகள் தெரிந்தால் எலும்பு. நார்நாராக ஓடினால் கல்லாய்ப் போன மரம். பக்கத்துப் பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் அப்படியொரு மரம் முழுசாகவே கிடக்கிறது. நீளம் 18 மீட்டர்!

மரமா எலும்பா என்ற இந்தச் சந்தேகம் பெரிய பெரிய நிபுணர்களையே ஆட்டி வைத்திருக்கிறது. அரியலூர் வட்டாரத்தில் கல்லமேடு என்றொரு கிராமம். டைனோசார்களின் கடைசிக் காலத்தில் ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய மண் அங்கே இருக்கிறது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த யாதகிரியும் அய்யாசாமியும் அங்கே இடுப்பு, தொடை, முன்கை எலும்புகளையும், ஏறக்குறைய இரண்டு மீட்டர் நீளமுள்ள ஒரு கீழ்க்கால் எலும்பையும் கண்டார்கள். 'புருஹத்காயோசாரஸ்' என்று பெயர் சூட்டினார்கள். பிருஹத் காயம், அதாவது பேருடல் படைத்த பல்லி! அவர்களுடைய கட்டுரை 1987-ஆம் ஆண்டுத் தொகுதியில் வெளியாயிற்று. முதலில் மாமிச பட்சிணி என்றார்கள்; பிற்பாடு மற்றவர்கள் தாவர பட்சிணி என்று திருத்தினார்கள். "எலும்பே அல்ல, கல்மரம்" என்றும் சிலர் சந்தேகித்தார்கள்.

"எலும்பை எடுத்துச் சோதித்துவிட வேண்டியதுதானே, சித்தி?"

அங்கேதான் துக்கம். அந்த எலும்புகள் இன்று இல்லை! வெட்டவெளிக்கு வந்ததும் உதிர ஆரம்பித்து, மண்ணோடு மண்ணாகிவிட்டன என்ற செய்தி 2017-இல் வெளியாயிற்று. மிஞ்சியவை படங்களும் குறிப்புகளும்தான். 2022-இல் பழைய புகைப்படங்களைத் தேடி வெளியிட்டு, அவை எலும்புகளே என்று மறுபடி வாதாட வேண்டியிருந்தது. கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்குள் பத்திரமாக இருந்த ராட்சதன், மனிதர் கண்ணில் பட்டுச் சில ஆண்டுகளில் மறைந்துபோனான்.

சரி, எங்கள் கல்? குமிழும் இல்லை, துளையும் இல்லை. நுனிப் பிளவு வெறும் விரிசல். ஆரணி நிற்பதோ 250 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட பாறையில். எலும்புள்ள பிராணியே தோன்றாத காலம் அது. டைனோசார் எப்படி அதற்குள் அகப்படும்?

பிள்ளையின் முகம் சுண்டிவிட்டது. அவரோ அவன் தோளில் தட்டி, "கல் போனால் போகிறது. எந்த இடம், எவ்வளவு ஆழம் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதே, அதுதான் முக்கியம். இனி எங்கேயாவது எலும்பைக் கண்டால் பிடுங்காதே. படம் எடு, இடத்தைக் குறித்துக்கொள், தெரிந்தவர்களிடம் சொல்" என்றார்.

ஆரணிக்குத் திரும்பினோம். "எலும்பில்லையே?" என்று அக்கா மூன்று தடவை கேட்டுக்கொண்டு தறிக்குப் பூஜை போட்டாள். இப்போது அந்தக் கல் கூடத்து மாடத்தில் இருக்கிறது. பிள்ளை அதன்மேல் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறான்: 'கிடைத்த இடம், தறிக்குழி. ஆழம், முழங்கால் அளவு. எலும்பு அல்ல.'

கல்லமேட்டு ராட்சதனுக்கு வாய்க்காத பாக்கியம் எங்கள் கூழாங்கல்லுக்கு வாய்த்திருக்கிறது!