முகவரியைப் பாருங்கள், என்னையும் கேளுங்கள்



சென்ற மாரிகாலத்தில் ஒரு ஞாயிறு. திருப்பலி முடிந்து எல்லாரும் தேநீருக்காகக் கீழ்மண்டபத்துக்கு இறங்கிக்கொண்டிருந்த வேளையில், நம் பங்கின் வயது முதிர்ந்த அன்னையார் ஒருவர் என்னருகே வந்து மெல்லக் கேட்டார்: "சுவாமி, நீங்கள் கேட்ட கார்டுகள் அந்த வருத்தக்காரருக்குப் போய்ச் சேர்ந்துதோ?"

நான் எந்தக் கார்டையும் கேட்டிருக்கவில்லை.

நடந்ததை இங்கு எழுத அவர் எனக்கு அனுமதி தந்திருக்கிறார். என் பெயரில் அவருக்கு ஒரு மின்னஞ்சல் வந்திருக்கிறது. நான் கூட்டமொன்றில் இருப்பதாகவும், தொலைபேசியில் பேச இயலாதென்றும், புற்றுநோயாளி ஒருவருக்குக் கொடுக்க 100 டொலர் பெறுமதியான பரிசு அட்டைகள் ஐந்து அவசரமாகத் தேவையென்றும் அதில் எழுதியிருந்தது. அவர் பனியில் நடந்து கடைக்குப் போய் வாங்கினார். பின்புறத்தைச் சுரண்டி, பேரப்பிள்ளை பழக்கிவிட்டபடி எண்களைப் படமெடுத்து அனுப்பினார். பணம் அந்த நிமிடமே போய்விட்டது.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. குருக்கள், போதகர்கள், ரபிகள், இமாம்கள் ஆகியோரின் பெயரில் பரிசு அட்டை கேட்கும் இந்த மோசடியைக் குறித்து அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2019-இலேயே மக்களை எச்சரித்திருக்கிறது. எனக்கோ அதைப்பற்றி ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.

அந்த மடலை நான் அவருடைய கைப்பேசியில் பார்த்தேன். மேலே என் பெயர் மட்டுமே இருந்தது. பெயரைத் தொட்டபோதுதான் அதன் பின்னால் ஒளிந்திருந்த முகவரி வெளிப்பட்டது. நம் பங்குக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. மின்னஞ்சலில் அனுப்புநரின் பெயர் என்பது, எவரும் தாம் விரும்பியபடி எழுதிக்கொள்ளக்கூடிய ஒரு சீட்டு மாத்திரமே என்பதை அறுபது வயதைக் கடந்த பின் அன்றுதான் கற்றுக்கொண்டேன்.

இதைக் கேள்வியுற்ற நம் இளைஞர் ஒருவர், பங்குப் பணிமனையின் பழைய கணினியில் கிளாவ்ஸ் மெயில் என்னும் மின்னஞ்சல் மென்பொருளை நிறுவித் தந்தார். ஜப்பானியரான ஹிரோயுகி யமமோட்டோ உருவாக்கிய சில்ஃபீட் என்ற மென்பொருளிலிருந்து 2001-இல் கிளைத்தது அது. 2005-இல் முற்றாகப் பிரிந்து, மறு ஆண்டில் இப்போதைய பெயரைப் பெற்றது. தன்னார்வலர்களால் பேணப்படுகிறது, விலையில்லை. மிகச் சிறியதாகையால், தூக்கி எறிய எண்ணியிருந்த கணினியிலும் தடையின்றி இயங்குகிறது.

முதல் நாள் எனக்கு அது பிடிக்கவில்லை. வண்ணங்கள் இல்லை, படங்கள் இல்லை. வெறும் எழுத்து. "தம்பி, இது என்ன, முப்பது வருசத்துக்கு முந்தினது மாதிரி இருக்குது?" என்றேன். "அதுதான் சுவாமி இதின்ர பலம்" என்றார் அவர்.

அவர் விளக்கியதை உங்களுக்கும் சொல்கிறேன். இன்று நமக்கு வரும் மடல்களிற் பெரும்பாலானவை இணையப் பக்கத்தைப் போல எச்.டி.எம்.எல். மொழியில் அலங்கரிக்கப்பட்டவை. அந்த அலங்காரத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளியளவு படத்தை வைத்துவிடலாம். நீங்கள் மடலைத் திறந்ததும் அந்தப் படத்தை உங்கள் கணினி தொலைவிலுள்ள ஒரு வழங்கியிலிருந்து எடுக்கப் போகும். நீங்கள் எப்போது திறந்தீர்கள் என்பது அனுப்பியவருக்குத் தெரிந்துவிடும். கிளாவ்ஸ் மெயில், நீங்களாக வேறு கூறுகளைச் சேர்த்தாலன்றி, மடலை எழுத்தாக மட்டுமே காட்டும். படத்தைத் தேடி வெளியே போகாது. நீங்கள் எழுதும் மடலையும் வெற்றெழுத்தாகவே அனுப்பும். இணைப்பொன்றில் எழுதியிருக்கும் முகவரி ஒன்றாகவும், உண்மையில் அது கொண்டுசெல்லும் முகவரி வேறொன்றாகவும் இருந்தால், திறக்கத்தான் வேண்டுமா என்று நிறுத்திக் கேட்கும். மடலின் தலைப்பில் பெயரோடு முழு முகவரியையும் காட்டும்.

இன்னொன்றையும் அது செய்கிறது. க்னூபிஜி என்னும் மறைகுறியாக்க மென்பொருளோடு சேர்ந்து, பெறுபவரைத் தவிர வேறெவரும் வாசிக்க முடியாதபடி மடலைப் பூட்டி அனுப்புகிறது.

இதன் அருமை எனக்கு உடனே விளங்கியது. சிறுவனாக நான் குருமடத்தில் இருந்த நாட்களில், வீட்டிலிருந்து வரும் கடிதங்கள் பிரிக்கப்பட்டு, வாசிக்கப்பட்ட பின்னரே எங்கள் கைக்கு வரும். என் தாயாருக்கு அது தெரியும். ஆகவே ஒவ்வொரு கடிதத்திலும் "இங்கு யாவரும் நலம்" என்றே எழுதினார். ஐயா மூன்று மாதம் படுக்கையில் கிடந்ததை விடுமுறைக்கு வீட்டுக்குப் போனபோதுதான் அறிந்தேன். பிறர் வாசிக்கக்கூடும் என்று தெரிந்த கடிதத்தில் மனிதர் தம் உண்மையை எழுதுவதில்லை. நீங்கள் எனக்கு எழுதுகிறீர்கள்: குடும்பப் பிணக்குகளை, வைத்தியரின் முடிவுகளை, அகதி விண்ணப்பத்தின் கவலைகளை. அவற்றைத் தபாலட்டைபோல் திறந்து கிடக்க விடக்கூடாது என்ற பொறுப்பு எனக்கு உண்டு.

ஆயினும் எந்தக் கருவியும் முழுமையானதன்று. 2018 மே மாதம் ஜெர்மானிய, பெல்ஜியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஈஃபெய்ல் என்ற தாக்குதல் முறையை வெளிப்படுத்தினார்கள்: பூட்டிய மடலின் உள்ளடக்கத்தையே எச்.டி.எம்.எல். அலங்காரத்தின் வழியாகக் கசிய வைக்க முடிந்தது. அந்த அலங்காரத்தை நிறுத்திவைப்பது அவர்கள் சொன்ன தற்காப்புகளில் ஒன்று. கிளாவ்ஸ் மெயிலிலும் குறை இருந்ததுண்டு. பூட்டி அனுப்பவேண்டிய மடலின் திறந்த பிரதியை அது அஞ்சல் வழங்கியில் விட்டுவிடக்கூடும் என்பதை டெயில்ஸ் என்னும் பாதுகாப்பு இயங்குதளத்தார் 2015-இல் எச்சரித்து, பின்னர் வேறு மென்பொருளுக்கு மாறினார்கள்.

அதைவிட முக்கியமான ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த அன்னையாருக்கு வந்த மடலில் அலங்காரமும் இல்லை, இணைப்பும் இல்லை. வெறும் எழுத்து. இந்த மென்பொருள் அதன் முழு முகவரியைக் காட்டியிருக்கும். ஆனால் அவரைத் தடுத்திராது. "ஒருக்கா எனக்குப் போன் பண்ணிக் கேட்டிருக்கலாமே, அம்மா?" என்று நான் கேட்டபோது அவர் தந்த பதில் என்னை இன்றுவரை உறுத்துகிறது: "சுவாமி கேட்டால் நான் ஏன் எண்டு கேக்கிறதே?"

அந்த மோசடிக்காரன் பயன்படுத்திய ஓட்டை கணினியில் இருக்கவில்லை. குரு சொன்னால் கேள்வி கேட்கலாகாது என்று தலைமுறை தலைமுறையாக நாங்கள் உங்களைப் பழக்கிய பழக்கத்தில் இருந்தது. அதற்கு என் பங்குக்கு நான் உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

ஆகவே இன்று முதல் இதை நம் பங்கின் வழமையாக்குவோம். மின்னஞ்சலிலோ குறுஞ்செய்தியிலோ நான் உங்களிடம் பணமோ பரிசு அட்டையோ கேட்கவே மாட்டேன். கைப்பேசியில் மடல் வாசிப்போர், அனுப்பியவரின் பெயரைத் தொட்டு முகவரியைப் பாருங்கள். அவசரம் என்று எழுதியிருந்தால் இன்னும் ஆறுதலாகப் பாருங்கள். நீங்கள் முன்னமே வைத்திருக்கும் எண்ணில் எனக்குத் தொலைபேசி எடுத்துக் கேளுங்கள். ஏமாந்துவிட்டால் வெட்கத்தால் மறைக்காதீர்கள். அட்டை நிறுவனத்துக்கும் காவல்துறைக்கும் உடனே அறிவியுங்கள், என்னிடமும் வாருங்கள். பணிமனையில் அந்த மென்பொருளைப் பார்க்க விரும்புவோருக்கும் கதவு திறந்தே இருக்கிறது.

சென்ற வாரம், நோயாளர் சந்திப்பு நேரத்தை உறுதிசெய்து அதே அன்னையாருக்கு நான் ஒரு மடல் அனுப்பினேன். பத்து நிமிடத்தில் தொலைபேசி ஒலித்தது. "சுவாமி, இது நீங்கள்தான் எழுதினதோ?"

"நான்தான் அம்மா" என்றேன். நெடுநாளாக எந்தக் கேள்வியும் எனக்கு இவ்வளவு மகிழ்ச்சி தந்ததில்லை.

இறையாசீருடன்,
உங்கள் பங்குத்தந்தை