ஜாப் கார்டில் எழுதாதது

மஞ்சள் நிறத்தில் என்ஜின் படம் போட்ட அந்த விளக்கு முதன்முதலில் எரிந்தபோது வீரவநல்லூரைத் தாண்டியிருந்தோம். பக்கத்து இருக்கையில் அம்மா. வாரத்தில் 2 நாள் அம்பாசமுத்திரத்திலிருந்து பாளையங்கோட்டைக்கு அவளை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போகிறேன். ஒரு தடவைக்கு 4 மணி நேரம் ஆகும். போகும்போது எப்படியாவது பஸ்ஸில் போய்விடலாம். திரும்பும்போது அவளால் நிற்கவே முடியாது. அதற்காகத்தான் இந்த 2014 மாடல் பெட்ரோல் காரைப் பழையதாக வாங்கினேன். நாற்பது வயதுக்கு மேல் ஓட்டக் கற்றுக்கொண்டதும் அதற்காகத்தான்.

மறுநாளே ஒர்க் ஷாப்புக்குப் போனேன். சூப்பர்வைசர் என் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"சார் வரலையா மேடம்?"

"நான்தான் வந்திருக்கேன்" என்றேன். பிறகு, வழியெல்லாம் மனதுக்குள் அடுக்கி வைத்திருந்ததைச் சொன்னேன். "வண்டி நிக்கும்போது உதறுது. ரயில்வே கேட்ல, சிக்னல்ல நிறுத்துனா உதறல் ஸ்டியரிங் வரைக்கும் வருது. ஓடும்போது சரியாயிடுது. நாலஞ்சு நாளா இப்படி இருந்து, நேத்துதான் லைட் எரிஞ்சுது."

அவர் ஜாப் கார்டில் எழுதியது இரண்டே வார்த்தை: 'லைட் எரிகிறது.'

மாலையில் வண்டி வந்தது. விளக்கு அணைந்திருந்தது. "கிளட்ச் மேல காலை வச்சே ஓட்டுறீங்களா மேடம்? லேடீஸ் வண்டியில இதெல்லாம் வரும்" என்று சிரித்துக்கொண்டே பில்லை நீட்டினார். நாலாம் நாள் பத்தமடையருகே விளக்கு மறுபடி எரிந்தது.

இரண்டாம் தடவை ஆக்சிஜன் சென்சாரை மாற்றினார்கள். 5,200 ரூபாய். விளக்கு ஒரு வாரம் அணைந்திருந்து மறுபடி வந்தது. மூன்றாம் தடவை, சென்னையிலிருந்து வந்திருந்த தம்பியைக் கூட்டிப்போனேன். அவனுக்குக் காரைப் பற்றித் தெரிந்ததெல்லாம் பெட்ரோல் போடும் இடம் மட்டும்தான். ஆனாலும் அவனுக்கு நாற்காலி வந்தது, டீ வந்தது. என்ன பிரச்சினை என்று அவனிடம் கேட்டார்கள். "ஓடும்போது உதறுதாம்" என்று என் வாக்கியத்தைத் தலைகீழாகச் சொன்னான் அவன். நான் திருத்தினேன். அது யார் காதிலும் விழவில்லை. "கேட்டலிடிக் கன்வெர்ட்டர் போயிருக்கும் சார். 40,000 வரைக்கும் ஆகும்" என்றார் சூப்பர்வைசர்.

அன்று இரவு அம்மா கையில் கிடந்த இரண்டு வளையலையும் கழற்றிக் கட்டிலில் வைத்தாள். "இத வச்சு வண்டியப் பாரு. எனக்கு இனி என்னத்துக்கு?"

அந்த வளையல்களை எடுக்கவும் முடியாமல் திருப்பிக் கொடுக்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்தபோதுதான், அந்த விளக்கு என்ன சொல்கிறது என்று நானே படித்துப் பார்க்கலாமே என்று தோன்றியது.

அதைப் படிக்க முடியும். ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கிறது. அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்து கட்டாயமாக்கப்பட்ட ஓபிடி 2 என்ற ஏற்பாடு பிறகு நம் ஊர்க் கார்களுக்கும் வந்தது. முக்கியமாகப் புகையைக் கட்டுப்படுத்துவதற்காக வந்த ஏற்பாடு அது. அந்தச் சாக்கெட்டில் செருகும் ஸ்கேனர் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. புளூடூத்தில் செல்போனோடு பேசும். ஒன்று வாங்கினேன்.

முதலில் எனக்குத் தெரியவந்தது, விளக்கு விட்டு விட்டு மின்னுவதற்கும் நிலையாக எரிவதற்கும் உள்ள வித்தியாசம். மின்னினால் சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் வெளியேறுகிறது, கன்வெர்ட்டர் கெட்டுப்போகும், வண்டியை ஓரங்கட்ட வேண்டும். நிலையாக எரிந்தால் மெதுவாக வீடு போய்ச் சேரலாம், ஆனால் சீக்கிரம் பார்த்தாக வேண்டும். அம்மாவை வைத்துக்கொண்டு ஓட்டும் எனக்கு இதை யாராவது முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

இரண்டாவதாகத் தெரிந்ததுதான் என்னைக் கோபப்படுத்தியது. பல குறைகளுக்கு, அடுத்தடுத்த இரண்டு ஓட்டத்திலும் அதே குறை தென்பட்டால்தான் கணினி விளக்கை ஏற்றும். ஆகவே குறியீட்டை அழித்துவிட்டால் சில நாளுக்கு விளக்கு எரியாது. குறை அப்படியே இருக்கும். முதல் தடவை எனக்கு விற்றது அந்தச் சில நாள் நிம்மதியைத்தான். இன்னொன்றும் உண்டு. குறை பதிவான நொடியில் என்ஜின் எத்தனை சுற்று சுற்றியது, எவ்வளவு சூடாக இருந்தது, வண்டி என்ன வேகத்தில் போனது என்பதையெல்லாம் கணினி சேமித்து வைக்கும். குறியீட்டை அழித்தால் அதுவும் சேர்ந்து அழியும். அவர்கள் விளக்கை அணைத்தபோதெல்லாம் சாட்சியத்தையும் அழித்திருக்கிறார்கள்.

என் காரில் இருந்த குறியீடு பி0171. உள்ளே போகும் கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று பொருள். கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்றால் வருவது பி0420. அது என் காரில் இல்லவே இல்லை.

காற்று அதிகமாக இருக்கிறது என்று முதலில் சொன்னது அந்தப் பழைய ஆக்சிஜன் சென்சார். உண்மையைச் சொன்ன அதைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதை மாட்டினார்கள். புதியதும் அதையே சொன்னது.

ஒரு காலையில் வண்டியை வாசலில் நிறுத்தி, என்ஜினை ஓடவிட்டு, போன் திரையில் ஓடிய எண்களைத் தாளில் எழுதினேன். சும்மா நிற்கும்போது கணினி வழக்கத்தைவிட 22 சதவீதம் கூடுதலாகப் பெட்ரோல் கொடுத்துச் சமாளித்துக்கொண்டிருந்தது. ஆக்சிலேட்டரை மிதித்து 2,500 சுற்றுக்குக் கொண்டுபோனால் அது 5 சதவீதமாக இறங்கியது. அதாவது, நிற்கும்போதுதான் கோளாறு, ஓடும்போது சரியாகிறது. முதல் நாள் நான் சொன்னதும் அதுதான்.

தாளோடு அதே ஒர்க் ஷாப்புக்குப் போனேன். "யூடியூப் பாத்துட்டு வந்துட்டீங்களா மேடம்?" என்றார் சூப்பர்வைசர். தாளை அவர் கையில் வாங்கவே இல்லை.

பைபாஸ் ஓரத்தில் தகரக் கொட்டகை போட்ட இன்னொருவரிடம் போனேன். அறுபது வயதிருக்கும். தாளை வாங்கினார், கண்ணாடியைத் தேடினார், பிறகு அதை அப்படியே மடித்து வைத்துவிட்டு, "எப்பம்மா உதறுது?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை என்னிடம் கேட்ட முதல் ஆள் அவர்தான். சொன்னேன்.

"நிக்கும்போதுன்னா எங்கேயோ காத்து இழுக்கு" என்றார். என்ஜினை ஓடவிட்டு, கார்புரேட்டர் கழுவும் ஸ்ப்ரேயை ஒவ்வொரு குழாயின் மூட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாக அடித்துக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் அடித்ததும் என்ஜின் சத்தம் மாறியது. விரல் தடிமனில் ஒரு ரப்பர் குழாய். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. வளைத்துக் காட்டினார். அடிப்பக்கத்தில் நீளமாக வெடித்திருந்தது. காற்றை அளக்கும் சென்சாரைத் தாண்டி, கணக்கில் வராத காற்று அந்த வழியாக உள்ளே போயிருக்கிறது. நிற்கும்போது என்ஜினின் உறிஞ்சல் பலமாக இருக்கும், அப்போது அந்தக் காற்று பெரிய பங்காகிவிடும். ஓடும்போது உள்ளே போகும் மொத்தக் காற்றில் அது ஒரு பொருட்டே இல்லை. குழாய் 380 ரூபாய். கூலி 300.

"நல்லா உத்துக் கேட்டிருந்தா உஸ்ஸுன்னு சத்தம் வந்திருக்குமே அண்ணாச்சி?" என்றேன்.

"வந்திருக்கும். காரு கண்ணாடிய ஏத்திட்டா கேக்காது" என்றார்.

எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. ஏனென்றால் அந்தச் சத்தத்தைக் கேட்ட ஒருத்தி இருந்தாள். விளக்கு எரிவதற்கு முன்பே, ரயில்வே கேட்டில் காத்திருந்த ஒரு நாள், கண்ணாடியை இறக்கிக் கையை வெளியே வைத்திருந்த அம்மா சொன்னாள். "ஏட்டி, உஸ்ஸு உஸ்ஸுன்னு கேக்கே, என்னதுட்டி?"

நான் சொன்ன பதில்: "ஏசி சத்தம்மா. நீ கண்ண மூடிட்டுத் தூங்கு."

சூப்பர்வைசர் என்னிடம் செய்ததற்கு என் கையில் பில்கள் இருக்கின்றன. நான் அம்மாவிடம் செய்ததற்குப் பில் இல்லை. அதுவும் முதல் தடவை இல்லை. காலம்பூராவும் முழங்கால் வலி என்று சொல்லிக்கொண்டிருந்தவள் அவள். அவளைக் கூட்டிப்போனால் டாக்டர், 'எத்தனை நாளாய்?' என்று அப்பாவிடம்தான் கேட்பார். அப்பாவும் வாய்க்கு வந்ததைச் சொல்வார். வலி மாத்திரை கிடைக்கும், வலி அணையும், மறுபடி வரும், மறுபடி மாத்திரை. "சாயங்காலமானா கால் வீங்குது, கொலுசு பதியுது" என்று அவள் சொன்னபோது நாங்கள் எல்லோரும் சொன்னது, "நின்னுக்கிட்டே வேலை பாத்தா வீங்கத்தான் செய்யும்." பல வருடம் தினமும் விழுங்கிய வலி மாத்திரையும், யாரும் பார்க்காமல் விட்ட ரத்த அழுத்தமும் சேர்ந்து சிறுநீரகத்தைத் தின்றுவிட்டதாகப் பிறகு டாக்டர் சொன்னார். அவள் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள், எப்போது, எங்கே, எப்படி என்பது உட்பட. எழுதிக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

நான் படித்தவள், சம்பாதிக்கிறவள், கூட்டங்களில் பேசுகிறவள். பெண் சொன்னால் நம்ப மாட்டார்கள் என்று எத்தனையோ முறை கோபப்பட்டிருக்கிறேன். அதே நான், பக்கத்து இருக்கையிலிருந்து வந்த குரலுக்கு ஏசி சத்தம் என்று பதில் சொன்னேன்.

வளையல்கள் அம்மா கைக்கே போய்விட்டன. கைகள் மெலிந்துவிட்டதால் நூல் சுற்றிப் போட்டிருக்கிறாள். விளக்கு இப்போது எரியவில்லை. காரில் ஒரு 40 பக்க நோட்டு வைத்திருக்கிறேன். அம்மா எது சொன்னாலும் தேதி போட்டு எழுதுகிறேன். போன வியாழக்கிழமை எழுதியது: "ரெண்டாவது மணி நேரத்துல இடது கெண்டைக்கால் இழுக்கு. முன்ன கடைசியிலதான் இழுக்கும்." டயாலிசிஸ் பிரிவு நர்ஸ் அதை வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"எங்கிட்ட கேக்காதீங்க சிஸ்டர்" என்றேன். "அவங்ககிட்டயே கேளுங்க."

அம்மா தலையணையில் கொஞ்சம் நிமிர்ந்து, சொல்ல ஆரம்பித்தாள்.